கார் ஓட்டத் தெரியாதவர் கார் தொழிலைப் பற்றி எழுதலாமா?

அடுத்த கேள்வி. சேலத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாராம். "சார், ஆட்டோ துறையைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் கார் இல்லை, எனக்கு ஓட்டவும் தெரியாது. இன்ஜினியரிங்கும் படிக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

ஆட்டோ துறை என்று சொன்னால் எங்கள் அம்மா இன்றைக்கும் ஷேர் ஆட்டோ என்றுதான் நினைப்பார். அதனால் நான் வாகனத் தொழில் என்றே சொல்கிறேன்.

தம்பி, ஸ்டியரிங் கனமாக இருக்கிறதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று சொல்வதற்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில், இனி இந்தியாவில் கார் தயாரிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. மறைமலைநகர் ஆலையும் நின்றது. அது ஏன் என்று எழுத லைசென்ஸ் எதற்கு? கணக்கு தெரிந்தால் போதும். பேலன்ஸ் ஷீட்டைப் பிரித்தால் மற்றவர்களைப் போல உங்களுக்குத் தூக்கம் வந்துவிடாது இல்லையா, அதுதான் உங்கள் பலம்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வந்தால் கம்பெனிகள் போன மாத விற்பனை இவ்வளவு என்று அறிவிக்கும். எழுத ஆரம்பித்த புதிதில் நானும் அந்த எண்ணை எடுத்து, இத்தனை ஆயிரம் பேர் கார் வாங்கிவிட்டார்கள் என்று ஆரவாரமாக எழுதினேன். படித்துவிட்டு ஒரு டீலர் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே ஒரு காலி மனைக்கு அழைத்துப் போனார். வரிசையாகப் புதுக் கார்கள், மேலே விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. "நீங்கள் எழுதிய விற்பனை இதோ நிற்கிறது, எண்ணிப் பாருங்கள்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

விஷயம் இதுதான். கம்பெனி தன் டீலருக்கு வண்டியை அனுப்பி பில் போட்டால், கம்பெனிக் கணக்கில் அது விற்பனை. உற்பத்தியாளர் சங்கமான சியாம் தரும் உள்நாட்டு விற்பனை எண்களும் பெரும்பாலும் இப்படி டீலருக்கு அனுப்பியவைதான். டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா தருவது வேறு கணக்கு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான வண்டிகளை வைத்துப் போடுவது. ஆடி மாதத்தில் நம் ஊரில் வண்டி எடுக்க யோசிப்பார்கள். தொழிற்சாலைக்கு ஆடி கிடையாது, அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். இடையில் நிற்கும் வண்டிக்கெல்லாம் டீலர் வங்கியில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறார். 2024 செப்டம்பர் முடிவில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கி நிற்பதாக ஃபாடா சொன்னது. மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய். 21 நாளுக்கு மேல் சரக்கு நிற்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. சியாம் கணக்கு, ஃபாடா கணக்கு இரண்டையும் ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்து எந்தக் காருக்குத் தள்ளுபடி வரும் என்பதை ஓரளவுக்கு நீங்களே ஊகிப்பீர்கள்.

அப்புறம் வரி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். விளைவு என்ன? 4160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த மாருதியின் டிசையர் கார், 2012-இல் பின்பக்கம் வெட்டுப்பட்டு 3995 ஆனது. அந்தக் காரின் டிக்கி ஏன் அவ்வளவு குட்டையாக இருந்தது என்று யோசித்திருப்பீர்கள். அதை வரைந்ததில் பாதி நிதியமைச்சகம்! 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அதே கோடுதான். உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. பைக்குக்குக் கோடு 350 சி.சி.யில். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டி 349 சி.சி. என்பதை இப்போது திரும்பிப் பாருங்கள்.

படிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். ஹூண்டாய் இந்தியாவின் பங்குகள் 2024 அக்டோபரில் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன, சுமார் 27,870 கோடி ரூபாய்க்கு. அதற்காகத் தாக்கல் செய்த ஆவணம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலையணை கனம். முழுவதும் வேண்டாம், 'ரிஸ்க்' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். விளம்பரத்தில் சொல்லாத பயத்தையெல்லாம் கம்பெனி தன் வாயாலேயே சொல்லியிருக்கும், சட்டம் அப்படி.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நீங்கள் இருப்பது சேலம். இதை யோசித்தீர்களா? வாகனத் தொழில் என்றதும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று போகிறோம். அங்கே கேட்டில் செக்யூரிட்டி உங்களை உள்ளே விடமாட்டார். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் நாமக்கல். லாரிக்கும் டேங்கருக்கும் கூண்டு கட்டும் பட்டறைகள். திருச்செங்கோடு போனால் ரிக் வண்டிகள். இந்தியாவில் எங்கெங்கோ போர்வெல் போடும் வண்டிகள் அந்த ஊர்க்காரர்களுடையவை. சங்ககிரியில் லாரி அதிபர்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே கரூர், பஸ் பாடிக்குப் பெயர் போன ஊர். இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்களே தம்பி!

நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கேபினே இல்லாமல், என்ஜினும் சட்டமும் சக்கரமுமாக ஒரு லாரி வரும். ஓட்டுநர் முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். கம்பெனி விற்பது அந்தச் சேஸிஸை. அது பட்டறைக்குப் போய், கூண்டு ஏறி, கண்ணாடி மாட்டி, பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டுத்தான் லாரியாக வெளியே வரும். ஷோரூம் விலைக்கும் ரோட்டுக்கு வரும் விலைக்கும் நடுவில் எத்தனை கைகள் என்று அங்கே தெரியும்.

இப்போது இதில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. கேபினைக் கம்பெனியே கட்டிக் கொடுத்தால் அதில் சிக்கல் குறைவு. பட்டறையில் கட்டும் கேபினுக்கு என்ன ஆகிறது? வேலை கூடியதா, கம்பெனி கேபின் வந்து இவர்கள் வேலை குறைந்ததா? ஏ.சி. இருந்தும் டீசல் செலவுக்குப் பயந்து முதலாளி போடவிடுகிறாரா? ஓட்டுநரைக் கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் தேடி நாமக்கல்லில் நாலு பட்டறை ஏறி இறங்கினால் உங்கள் முதல் கட்டுரை தயார்.

போகும்போது ஒன்று. "பேட்டி எடுக்க வந்திருக்கிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள், ஓனர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிடுவார். டீ நேரத்தில் போங்கள். வெல்டிங் செய்கிறவரிடம், போன வருஷம் இந்த நேரம் பட்டறையில் எத்தனை வண்டி நின்றது, இன்றைக்கு எத்தனை என்று கேளுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வெல்டிங் வெளிச்சத்தை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள், ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்.

அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து.