வந்த செய்திக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

(ஓய்வூதியர் நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, பெற்றோருக்குத் துணையாக வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

முதியவர்களும் பொய்ச் செய்தியும் என்று பேச்செடுத்தாலே, வயதானவர்கள் எதைக் கண்டாலும் நம்பி நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில் ஃபேஸ்புக்கில் பகிரப்பட்டவற்றை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தவர்கள் இளையோரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு பொய்ச் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்ததாகக் கண்டது உண்மைதான். ஆனால், ஆராயப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அப்படி ஒன்றைக்கூடப் பகிரவில்லை என்று அதே ஆய்வு கண்டதை மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் செய்தியை நம்பப் பழகிய காலம் வேறு. 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி' என்ற குரல் வந்தால், அந்தச் செய்தியை முன்கூட்டியே யாரோ ஒருவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பினோம். அந்த ஏற்பாடும் தவறியதுண்டு. 1979 மார்ச் 22 அன்று மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். வானொலியும் அதைச் சொன்னது. அவரோ பம்பாயில் மருத்துவமனை ஒன்றில் உயிருடன் இருந்தார். அக்டோபர் 8 வரை வாழ்ந்தார். ஆனாலும் அன்றைக்கே தவறு வெளிப்பட்டது. சொன்னவர் யார் என்று நாட்டுக்கே தெரிந்திருந்தது. அவரை நிறுத்திக் கேள்வி கேட்க இடமிருந்தது. வாட்ஸ்அப்பில் வருவதற்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. அனுப்பியவர் சம்பந்தியாக இருப்பார், அல்லது ஒரே அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் உடன் வேலை பார்த்தவராக இருப்பார். அவர்மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை, எழுதியவர் யாரென்றே தெரியாத ஒரு செய்தியின்மீது போய் ஏறிக்கொள்கிறது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவருக்கும் அதை எழுதியவர் யாரென்று பெரும்பாலும் தெரிந்திருக்காது.

ஒரு செய்தியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஆழமாக மூச்சிழுத்துப் பலமாக, தொடர்ந்து இருமுங்கள். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிரையாவது காப்பாற்றலாம்' என்ற செய்தியைப் பார்க்காதவர் இந்த அவையில் குறைவாகவே இருப்பார்கள். இதற்குள் ஒரு துளி உண்மை இருப்பதுதான் ஆபத்து. மருத்துவமனையில் இதயக் குழாய்ப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கையில், திடீரென்று துடிப்பு தாறுமாறான நோயாளிகளை இருமச் சொல்லிச் சிறிது நேரம் நினைவு தப்பாமல் வைத்திருக்க முடிந்தது என்று 1976-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. மருத்துவரும் கருவிகளும் பக்கத்திலேயே இருந்த அந்தச் சூழலை விட்டுவிட்டு, இருமலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறது இந்தச் செய்தி. மாரடைப்பு என்பது இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவது. இருமல் அந்த அடைப்பை நீக்காது. பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அமெரிக்க இதயக் கழகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருமிக்கொண்டிருக்கும் அந்த நிமிடங்கள், 108-ஐ அழைத்திருக்க வேண்டிய நிமிடங்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பப்படும் செய்தி இது; அதனால்தான் இவ்வளவு நேரம் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

அப்படியானால் எப்படிச் சரிபார்ப்பது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று சாராரிடமும் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, இவற்றை நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்தின் சின்னத்தையும் நடையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடாமல், இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வெளியே தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். இந்த வித்தை நம் பெரியவர்களுக்குப் புதிதன்று. மனை வாங்கும்போது விற்பவர் நீட்டும் பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு முன்பணம் கொடுப்பவர் இங்கே யாருமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள், பக்கத்து மனைக்காரரிடம் விசாரிப்பார்கள். அதே எச்சரிக்கையைக் கைபேசிக்குக் கொண்டுவந்தால் போதும். கற்றுக்கொள்ள வயது தடையில்லை: அமெரிக்காவில் இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்த முதியவர்கள், செய்திகளின் மெய்பொய்யைச் சரியாகக் கணிப்பது 64 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காடாக உயர்ந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

பொய்க்கு முதியவர்கள் பலியாவதும் உண்டு. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்துடன் வந்த 65 வயதுப் பெண்மணி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை கடத்தும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் வதந்தி அப்போது வடமாவட்டங்களில் பரவியிருந்தது. இத்தகைய கொலைகள் பல மாநிலங்களில் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது.

இப்போது உங்களைக் குறிவைத்தே வருகிறார்கள். உயிர்வாழ்ச் சான்று புதுப்பிக்கவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பார்கள், காவல்துறைச் சீருடையில் காணொளி அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. பணம் போய்விட்டால், அந்த நிமிடமே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். பெரியவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? பிள்ளைகள் ஏசுவார்கள் என்ற அச்சத்தால். ஆகவே பிள்ளைகளே, குடும்பக் குழுவில் அப்பா ஒரு தவறான செய்தியைப் போட்டால், எல்லோர் முன்னிலையிலும் சிரிப்புப் பொம்மை போட்டு அவரைக் குன்ற வைக்காதீர்கள். தனியே அழைத்து, 'இது சரியா என்று சேர்ந்து பார்ப்போமா, அப்பா' என்று கேளுங்கள். சின்னச் செய்திக்கு அவமானப்பட்டவர், பெரிய இழப்பை உங்களிடம் சொல்ல மாட்டார்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. கிளை நூலகத்தில் காலை நாளிதழ் படிக்க வருபவர்களில் ஓய்வு பெற்றவர்கள் கணிசமானோர். அங்கேயே மாதம் ஒருமுறை கூடி, அந்த மாதம் நமக்கு வந்த ஒரு செய்தியை எடுத்துத் தேடிப் பார்க்கலாம். கல்லூரி மாணவர்கள் துணைக்கு வரலாம், ஆனால் கைபேசி பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும். இதற்கான தீர்மானத்தை இன்றைய கூட்டத்திலேயே முன்மொழியுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.