ஆய்வேட்டுக்கு நடுவில் ஒரு கம்பளித் தொப்பி

வணக்கம் நேயர்களே. வீட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர் யாராவது இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று புரியும். அவர்களுக்கு வேலை முடிந்தது என்ற ஒரு பொழுதே கிடையாது. அலுவலகம் போகிறவர் கதவைச் சாத்திவிட்டு வரலாம். ஆராய்ச்சி மாணவர் சாப்பிடும்போதும் அந்த மூன்றாவது அத்தியாயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் கையில் ஊசியும் கம்பளி நூலுமாக, தங்கைக்கு ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன கேட்பார்கள்? "உனக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம்?"

நான் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இந்தக் கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் மற்றவர்கள் இதையேதான் கேட்கிறார்கள். நேரம் இருக்கிறது. அது எந்த மாதிரியான நேரம் என்று பார்த்து, அதற்குத் தோதான பின்னலைக் கையில் எடுக்கத் தெரிய வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், பேச்சுக்கு நடுவில் மறுபடியும் இதற்கே வருவேன்.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒரு மணி நேரக் கருத்தரங்கு, காது மட்டும்தான் வேலை செய்கிறது. கணினியில் ஒரு கணக்கீடு ஓடுகிறது, முடியும்வரை காத்திருக்க வேண்டும். பதிவு செய்த நேர்காணலைத் திரும்பக் கேட்க வேண்டும். அப்புறம் பேருந்து, ரயில். இந்த நேரத்திலெல்லாம் கை சும்மா இருக்கிறது. நேர் பின்னல், அதாவது வரிசைக்கு வரிசை ஒரே மாதிரிக் கண்ணியைப் போட்டுக்கொண்டே போகிற பின்னல், இதற்கென்றே அமைந்தது. ஊசியில் போடுகிற ஒவ்வொரு நூல் வளையத்தையும்தான் கண்ணி என்கிறேன். கொஞ்சம் பழகிவிட்டால் கண் பார்க்காமலே கை போடும். ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் வேண்டாம். நூலின் இழை பறந்து மாதிரிகளில் விழும், அங்கிருக்கிற ரசாயனம் நூலில் ஏறும், அதைப் போய் யாருக்குப் பரிசாகக் கொடுப்பது?

சரி, எதைப் பின்னுவது? இதில் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோரிடமும் "முதலில் ஒரு மப்ளர் பின்னு, அதுதான் சுலபம்" என்பார்கள். சுலபம்தான், ஆனால் முடியாது! கணக்கைக் கேளுங்கள். 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு, நடுத்தர கனமுள்ள நூலில், வரிசைக்குச் சுமார் 40 கண்ணி. 180 சென்டிமீட்டர் நீளத்துக்கு நேர் பின்னலில் 720 வரிசை. பெருக்கினால் 28,800 கண்ணி. நிமிடத்துக்கு 30 கண்ணி போடுகிற கை என்றால் 16 மணி நேரம், இடையில் எழுந்திருக்காமல். அதே நூலில் பெரியவர்களுக்கு ஒரு தொப்பி போட்டால் சுற்றுக்கு 90 கண்ணி, ஐம்பதுக்குச் சற்று மேல் சுற்றுகள், உச்சியில் குறைத்துக்கொண்டே போவதால் மொத்தம் 5,000 கண்ணிக்குள் முடிந்துவிடும். மூன்று மணி நேரம் கூட ஆகாது. ஒரு மப்ளர் பின்னுகிற நேரத்தில் ஐந்து பேருக்குத் தொப்பி! முழுக்கை ஸ்வெட்டர் ஐம்பதாயிரம் கண்ணி வரை போகும், ஆய்வேடு எழுதுகிற வருடத்தில் அதன் பக்கமே போக வேண்டாம். பரிசு கொடுக்க நினைக்கிறவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

மப்ளரையே எடுத்துவிட்டுப் பாதியில் நிற்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். நான் சொன்ன காது மட்டும் வேலை செய்கிற நேரம் இருக்கிறதே, அதற்கு அது நல்ல துணை. தேதி மட்டும் குறிக்காதீர்கள்.

இந்த இடத்தில் என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே விடுதியில் இருந்தவள். ஆய்வேடு எழுதுகிற வருடத்தில்தான் தன் பாட்டிக்கு ஒரு லேஸ் சால்வை பின்ன ஆரம்பித்தாள். லேஸ் பின்னலில் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி ஓட்டை விடுவோம், அதற்கு ஈடாகப் பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவோம். ஒரு சுற்று விட்டுப்போனால் போதும், அந்த வரிசையில் ஒரு கண்ணி குறையும், அந்த ஓட்டைகளால் அமைகிற பூவெல்லாம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். அவிழ்த்தால் எது எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அவள் என்ன செய்தாள் என்றால், ஒரு பூ வரிசை சரியாக முடிந்ததும், தையல் ஊசியில் வேறு நிறத்து மெல்லிய நூலைக் கோத்து, பின்னல் ஊசிமேல் இருக்கிற எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் அதை ஓட்டிவிடுவாள். அப்புறம் எத்தனை தப்பு வந்தாலும் அந்த நூல்வரை அவிழ்த்தால் போதும், அதற்குக் கீழே ஒரு கண்ணி அசையாது.

ஒரு நாள் அவளுடைய அத்தியாயம் பக்கமெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அன்றைக்கு ராத்திரி சால்வையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கண்ணிகள் ஊசியை விட்டு நகரவே இல்லை, அவ்வளவு இறுக்கம். கோபமும் கவலையும் கையில் இறங்கி நூலை இழுத்துப் பிடிக்கும், பின்னுகிற எல்லோருக்கும் இது தெரியும். கொஞ்ச நேரத்தில் கணக்கும் தப்பியது. அவள் ஒன்றும் பேசாமல் அந்த மெல்லிய நூல்வரை அவிழ்த்து, மடித்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு சாதாரணக் காலுறையை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பின்ன ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவளிடம் எப்போதும் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் யோசிக்க வேண்டிய பின்னல், அது ஞாயிறு காலைக்கு மட்டும். இன்னொன்றில் யோசிக்க வேண்டாதது, அது மற்ற எல்லா நேரத்துக்கும். சால்வை ஆய்வேட்டுக்கு முன்னாலேயே முடிந்தது, பாட்டி அதைப் போர்த்திக்கொண்டு எடுத்த படத்தை நானும் பார்த்தேன்.

பாருங்கள், மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். எந்த நேரத்துக்கு எந்தப் பின்னல். களைத்த தலைக்கு லேஸ் ஆகாது.

தேதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "உன் பிறந்தநாளுக்கு ஸ்வெட்டர்" என்று வாக்குக் கொடுத்தால், அந்த வாரத்தில்தான் வழிகாட்டி வரைவைக் கேட்பார். பின்னி முடித்துவிட்டு, முடிந்த அன்றைக்கே கொடுங்கள். எதிர்பார்க்காத ஒரு சாதாரண நாளில் வருகிற பரிசு இன்னும் சந்தோஷம். குழந்தை பிறக்கிற வீடு என்றால் தேதி உங்கள் கையில் இல்லை, அதற்கும் வழி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கோ ஒரு வயதுக் குழந்தைக்கோ ஆகிற அளவில் பின்னுங்கள். பிறந்த குழந்தையின் அளவு சில வாரங்களில் சிறிதாகிவிடும், பெரிய அளவு காத்திருக்கும்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. மாதிரித் துண்டு, அதாவது அளவு பார்ப்பதற்காக முதலில் பின்னிக்கொள்கிற சிறு துண்டு, அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வர வேண்டிய இடத்தில் உங்கள் கைக்கு 22 வந்தால், ஒரு மீட்டர் சுற்றளவு வர வேண்டிய ஸ்வெட்டர் ஒன்பது சென்டிமீட்டர் குறைந்துவிடும், போடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ளும். அளவாக இருக்க வேண்டிய துணி என்றால் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பரிசோடு ஒரு சீட்டும் வையுங்கள். என்ன நூல், எப்படித் துவைப்பது என்று இரண்டு வரி போதும். சாதாரணக் கம்பளி வெந்நீரில் இயந்திரத்தில் சுற்றினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், திரும்பப் பழையபடி வராது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இயந்திரத்தில் போடத்தக்க நூலாகவே வாங்கிவிடுங்கள், அவர்களுக்குக் கையால் துவைக்க ஏது பொழுது?

கடைசியாக மணிக்கட்டு. பகலெல்லாம் தட்டச்சு செய்கிற அதே கைதான் ராத்திரி பின்னுகிறது. வலித்தாலோ விரல் மரத்தாலோ ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பரிசு எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும், உங்கள் தங்கையும் காத்திருப்பாள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.