ஆறு கடந்த பிறகு

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, கிளை நூலகர் அவர்களே, வேறு நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, சந்தையிலிருந்து கூடையோடு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

தலைமையாசிரியை அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. என் மகள் அவர்களிடம்தான் படித்தாள். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை அவர்கள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. கடைசி பெஞ்சில் பாய் விரித்து அந்தக் குழந்தையைத் தூங்க வைப்பார்கள். அந்தப் பாயை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தலைமையில் பேசுவது எனக்குப் பெருமை.

வாசகர் வட்டம் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘போருக்குப் பின் பிரிட்டன்’. உணவுப் பங்கீடு, இலவச மருத்துவம், பெண்கள் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் ஆத்தா அடிக்கடி சொல்லும்: ‘ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ.’ முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு நல்ல வீடு கட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். சொன்ன அளவுக்கு வீடு வரவில்லை, வேலையின்மைதான் வந்தது. ஜனங்கள் அதை மறக்கவில்லை. அதனால்தான் 1945 ஜூலைத் தேர்தலில், இரண்டாம் உலகப் போரை நடத்தி வென்ற பிரதமர் சர்ச்சிலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அட்லியின் தொழிற்கட்சிக்கு 393 இடங்களைக் கொடுத்தார்கள்.

வென்ற நாடு செழிப்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். பங்கீடு என்றால் ஆளுக்கு இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு. போர் நடந்த காலம் முழுக்க அந்தப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. இறைச்சிக்கான பங்கீடு நீங்க 1954 ஆகிவிட்டது. அந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அனைரின் பெவன், 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். ஏழைக்கும் கண்ணாடி, பல்செட் எல்லாம் காசில்லாமல் கிடைத்தது. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், அப்புறம் வருகிறேன். முதலில் எலினார் ராத்போன் அம்மாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லிவர்பூல் வணிகக் குடும்பத்துப் பெண். முதல் போரில் கணவன்மார் சண்டைக்குப் போனபோது, அரசு மனைவிமாருக்குப் படித்தொகை கொடுத்தது. லிவர்பூலில் அந்த வேலையைக் கவனித்தவர் இவர். பணம் நேராகத் தாயின் கைக்குப் போனால் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது என்பதை வீடு வீடாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்று பிடித்ததை அவர் விடவே இல்லை. 1929இல் சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்குப் போனார். பிள்ளைகளுக்கு உதவித்தொகை வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் 1945இல் மசோதா வந்தது. வாங்கிப் படித்தால், பணம் தகப்பனுக்கு உரியது என்று எழுதியிருக்கிறது! வாழ்நாள் முழுக்கக் கேட்ட சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. வந்தவரைக்கும் லாபம் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இந்த அம்மா எழுந்து, தாய்க்குத் தராவிட்டால் இந்த மசோதாவை நானே எதிர்த்து வாக்களிப்பேன் என்றார். அரசு இறங்கி வந்தது, உறுப்பினர்கள் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று விட்டது. பணம் தாய்க்குத்தான் என்று முடிவானது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்டு. 1946 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, தாய்மார்கள் தபால் நிலையத்துக்குப் போய் முதல் பணத்தை வாங்கினார்கள். ராத்போன் அம்மா அதைப் பார்க்கவில்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

அவர் போன அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் போரின்போது பெண்கள் விமானத் தொழிற்சாலையிலும் வெடிமருந்து ஆலையிலும் வேலை செய்தார்கள். குழந்தையை எங்கே விடுவது என்று கேட்டு, தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு லண்டனில் ஊர்வலம் போனார்கள். அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்களைத் திறந்தது. சாப்பாட்டோடு சேர்த்து நாளுக்கு ஒரு ஷில்லிங்தான். போர் முடிந்ததும், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாய் வேலைக்குப் போவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது. 1946இல் காப்பகங்களுக்குத் தந்த மானியத்தைப் பாதியாக வெட்டினார்கள். காப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆறு கடந்தாயிற்று, நீ யாரோ நான் யாரோ! இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த ஆண்டே ஆள் பற்றாக்குறை என்று பெண்களை மறுபடி வேலைக்கு வரச் சொல்லி அதே அரசு பிரசாரம் செய்தது. பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இது லண்டன் கதையாகத் தெரியாது. கொரோனா ஊரடங்கில் இவர்கள்தான் வீதி வீதியாக வண்டி தள்ளிக் காய்கறி கொடுத்தார்கள். கைதட்டினோம். பிறகு? நேற்று விடிகாலை மூன்றரை மணிக்கு நம் சந்தைக்குப் போனேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் தள்ளுவண்டிக்கு அடியில் சேலையில் தூளி. சக்கரத்துக்கும் தூளிக்கும் ஒரு சாண் இடைவெளி. உள்ளே எட்டு மாதக் குழந்தை. சுமை லாரி பின்னால் வரும்போதெல்லாம் அந்தப் பெண் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூளியைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று நம் நாட்டில் 2017இல் சட்டத் திருத்தம் வந்தது. தரையில் சாக்கு விரித்து விற்கிறவளுக்கு எந்த நிறுவனம்? அவளுக்கு நகராட்சிதான் செய்ய வேண்டும். சந்தையின் வடக்குப் பக்கம் பழைய சுங்கச் சாவடிக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. விடிகாலை மூன்று மணியிலிருந்து பத்து மணி வரை திறந்து, இரண்டு ஆயாக்களை வைத்தால் போதும்.

இலவச மருத்துவத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் அம்மா மணி பார்க்கிறார்கள். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். பேனா இருக்கிறது, கைநாட்டுக்கு மை டப்பாவும் இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் புறப்பட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.