ஹீட்டர் ஒழுகவில்லை, விதிப்படி சொட்டுகிறது

[காட்சி: பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளம். ஹீட்டர் அறை. ஆள் உயர டேங்க். அதன் பக்கவாட்டில் இருந்து இறங்கும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய். கேமரா அதன் நுனிக்கு நெருங்குகிறது.]

இந்தக் குழாயின் நுனியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் இதைப் பார்த்தால் முதல் காரியமாக பிளம்பருக்கு போன் போடுவார்: "புது ஹீட்டர் சார், மாட்டி ஒரு வாரம்கூட ஆகலை, அதுக்குள்ள ஒழுகுது."

பிளம்பர் வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார். இது டேங்கில் இருந்த தண்ணீர் கிடையாது, ஊர்க் குழாயில் வந்ததும் கிடையாது. அடுப்புக்குள் எரிவாயு எரிந்தபோது பிறந்த தண்ணீர். ஓட்டல், மருத்துவமனை, சலவைக்கூடம், விடுதி போன்ற இடங்களுக்கான வணிக வாட்டர் ஹீட்டர்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்த விதியின் சாரம் முழுவதும் இந்தச் சொட்டில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: நீலத் தீச்சுடர். மேலே எழும் புகை, மெல்ல நீராவியாக மாறுகிறது.]

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு கிலோ மீத்தேன் முழுதாக எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர் உண்டாகும். எரிப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே தண்ணீர். ஆனால் சுடருக்குள் அது தண்ணீராக இருக்க முடியாதே? ஆவியாகத்தான் இருக்கும். ஆவியாக இருக்க வெப்பம் வேண்டும். எரிவாயு தரும் மொத்த வெப்பத்தில் சுமார் 10 சதவீதத்தை இந்த ஆவி தன்னோடு எடுத்துக்கொண்டு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடுகிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான் இது.

பழைய வகை ஹீட்டர்கள் அந்த ஆவியைப் போகட்டும் என்று விட்டுவிட்டன. விட்டுத்தான் ஆக வேண்டும். புகை உள்ளேயே குளிர்ந்து நீராகிவிட்டால் அந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலமாகிவிடும்; சாதாரண இரும்பை அரித்துவிடும். அதனால் புகையைச் சூடாகவே, 150 டிகிரிக்கும் மேலே, வேண்டுமென்றே வெளியே அனுப்பினார்கள். சூடான புகை லேசானது, தானாக மேலே ஏறும், தனியாக விசிறி வேண்டாம் என்ற வசதியும் இருந்தது.

இதன் விலைதான் 80 சதவீதம். எரிவாயுவில் இருக்கும் வெப்பத்தில் எவ்வளவு தண்ணீருக்குள் போய்ச் சேர்கிறது என்பதை வெப்பத் திறன் என்கிறோம். அமெரிக்காவில் 2003 அக்டோபர் முதல் எரிவாயுவில் இயங்கும் வணிக டேங்க் ஹீட்டருக்கு 80 சதவீத வெப்பத் திறன் போதும் என்று விதி இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே எண்.

இங்கே யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். 80-ஐ 82 ஆக்கி, அப்புறம் 85 ஆக்கி, மெதுவாக 90-க்குக் கொண்டுபோயிருக்கலாமே?

முடியாது. இந்த விதியில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட இடமே இதுதான். திறன் 85-ஐ ஒட்டிப் போனால் புகையின் சூடு குறைந்து, ஹீட்டருக்குள்ளும் புகைபோக்கிக்குள்ளும் அங்கங்கே நீர் கோக்க ஆரம்பிக்கும். முழுதாகக் குளிரவும் இல்லை, முழுதாகச் சூடாகவும் இல்லை. அரிப்பு மட்டும் மிச்சம். அந்த இடைப்பட்ட பகுதியில் நம்பி ஓட்டும்படி ஒரு பெட்டியைச் செய்வது பெரும்பாடு. ஆக இரண்டே வழி: 80-ஐ ஒட்டி நிற்பது, அல்லது துணிந்து அந்தப் பக்கம் தாண்டிவிடுவது. மாடிப்படி இல்லாத வீடு மாதிரி. தரையில் நிற்கலாம், மாடியில் நிற்கலாம், நடுவில் நிற்க இடம் கிடையாது.

[திரையில்: 80 என்ற எண். ஒரு வெற்று இடைவெளி. அந்தப் பக்கம் 95.]

2023 அக்டோபர் 6 அன்று அமெரிக்க அரசிதழில் வெளியான இறுதி விதி தாண்டிவிட்டது. எரிவாயு டேங்க் ஹீட்டருக்கு 95 சதவீதம். டேங்க் இல்லாமல் ஓடும் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் வகைக்கு 96. கெடு 2026 அக்டோபர் 6. அந்தத் தேதியில் இருந்து தயாராகும், அல்லது இறக்குமதியாகும் புதுப் பெட்டிக்குத்தான் இது. ஏற்கெனவே சுவரோரம் நின்று ஓடிக்கொண்டிருப்பதை யாரும் வந்து பிடுங்கப் போவதில்லை. பழுது பார்த்து ஓட்டிக்கொள்ளலாம்.

80-க்கும் 95-க்கும் எவ்வளவு வித்தியாசம்? 100 பங்கு வெப்பம் வேண்டும் என்றால் பழைய பெட்டி 125 பங்கு எரிவாயுவைக் குடிக்கும். புதியது 105-ஐக் கொஞ்சம் தாண்டும். எரிவாயுச் செலவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் ஓடும் இடத்தில் அது சின்ன மிச்சமே கிடையாது.

சரி, தாண்டுவது எப்படி? புகையை இன்னொரு சுற்று ஓட விடுகிறார்கள். டேங்குக்குள் சுருள் சுருளாகப் போகும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். அதன் கடைசிச் சுற்று டேங்கின் அடியில், இப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த நீருக்கு நடுவே இருக்கும். சுமார் 55 டிகிரிக்குக் கீழே புகை இறங்கியதும் ஆவி நீராகிறது. நீராகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை 'கண்டென்சிங்' ஹீட்டர் என்றே சொல்வார்கள். 58 கிலோவாட் ஹீட்டர் ஒன்று முழுத் தீயில் ஒரு மணி நேரம் ஓடினால் எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். அதில் பாதிக்கு மேல் இப்படி நீராக இறங்கும். மூன்று மணி நேரத்தில் ஒரு வாளி.

[காட்சி: சொட்டும் குழாயின் கீழே ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைக் கற்கள்.]

அந்த வாளி நீரை அப்படியே சாக்கடையில் விடக் கூடாது. அமிலம். வார்ப்பிரும்புக் குழாயையும் சிமென்டையும் தின்றுவிடும். அதனால்தான் இந்தப் பெட்டி. உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல் அல்லது சலவைக்கல் சில்லுகள். நீர் அவற்றின் மேல் ஊர்ந்து போகும்போது அமிலம் தணிகிறது, கல் கரைகிறது. கரைந்த கல்லை அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஹீட்டரைப் பொருத்திய நாளோடு இந்தப் பெட்டியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். திறந்து பார்த்தால் கல்லும் இருக்காது, கல் இருந்த தடமும் இருக்காது.

புகையும் மாறுகிறது. வெளியே வரும்போது கையைக் காட்டலாம் போன்ற சூடுதான். அது தானாக மேலே ஏறாது; விசிறி வைத்துத் தள்ள வேண்டும். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் விட்டால் உள்ளே ஈரம் ஊறிக் காரை பெயர்ந்துவிடும். இதற்கென்று தனியாக பிளாஸ்டிக் குழாயோ எஃகுக் குழாயோ சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ கொண்டுபோக வேண்டும். புதுக் கட்டடத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பழைய கட்டடத்தில், நடுவில் நாலு தளங்களைத் தாண்டிப் போக வேண்டும் என்றால், ஹீட்டர் விலையைவிடக் குழாய் வேலை பெரிதாகிவிடும். இன்னொன்று: பழைய புகைபோக்கியை ஹீட்டரும் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரும் பங்குபோட்டுக்கொண்டு இருந்திருக்கும். ஹீட்டர் தனிக்குடித்தனம் போய்விட்டால் பாய்லரின் புகைக்கு மட்டும் அந்தப் புகைபோக்கி மிகப் பெரிதாகிவிடும். புகை வழியிலேயே குளிர்ந்து அங்கே நீர் கோக்கும். ஒன்றை மாற்றப் போய் இரண்டாகும்.

சண்டை இங்கேதான் வெடித்தது. 2018-ல் எரிவாயுத் துறையினர் ஒரு மனு போட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு: திறன் விதி என்ற பெயரில், மக்கள் பயன்படுத்தும் ஒரு தனிச் சிறப்பை சந்தையில் இருந்தே துரத்திவிடக் கூடாது. பழைய புகைபோக்கியோடு பொருந்தும் தன்மையும் அப்படிப்பட்ட ஒரு தனிச் சிறப்புதான் என்பது அவர்கள் வாதம். 2021 ஜனவரியில் எரிசக்தித் துறை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஆட்சி மாறிய பிறகு, அந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2023 விதி வந்ததும் வழக்கு. 2025 நவம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் எரிசக்தித் துறையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒருமித்த தீர்ப்பு அல்ல.

என்னைக் கேட்டால் வெந்நீருக்காகக் குளியலறைக்குள் போகிறவருக்குப் புகைபோக்கி எது என்று தெரியவே போவதில்லை; அதைச் சிறப்பு என்பது கொஞ்சம் இழுத்துச் சொல்வதுதான். ஆனால் நாலு தளத்தைத் துளைக்கச் செலவழிக்கிற கட்டட உரிமையாளரின் முனகலில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

[திரையில்: யாரும் திறக்காத குழாய். பக்கத்தில் சூடான டேங்க்.]

விதியின் இரண்டாவது அளவுகோல், ஹீட்டர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பம். யாரும் குழாயைத் திறக்கவில்லை, ஆனாலும் டேங்க் மெல்ல ஆறுகிறது. ஆறியதை மீட்க மறுபடி தீ பிடிக்கிறது. அதே 58 கிலோவாட், 100 கேலன், அதாவது சுமார் 380 லிட்டர் பெட்டிக்குப் பழைய விதி சுமார் 395 வாட் இழக்க விட்டது. புது விதி 340 வாட். டேங்கைச் சுற்றிய வெப்பக் காப்பு நுரையைத் தடிமனாக்கினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். இதில் சண்டை ஏதும் இல்லை.

மின்சார டேங்க் ஹீட்டருக்கோ இந்த இரண்டாவது கணக்கு மட்டும்தான். சூடேற்றும் கம்பி தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருப்பதால் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத் தண்ணீருக்கே போகிறது. வெப்பத் திறனை அளக்க ஒன்றுமில்லை. அப்படியென்றால் மின்சார ஹீட்டர்தான் சிறந்ததா? ஐரோப்பிய ஒன்றியத்தைக் கேட்டால் இல்லை என்பார்கள். 2015 செப்டம்பர் 26 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் 814/2013 என்ற ஒழுங்குவிதி, 400 கிலோவாட் வரையிலான ஹீட்டர்களுக்குப் பொருந்தும். அதில் ஒரு யூனிட் மின்சாரத்தை 2.5 யூனிட் எரிபொருளாகக் கணக்கு வைக்கிறார்கள், மின்நிலையத்தில் நேரும் இழப்பையும் சேர்த்து. உடனே அதே கம்பி ஹீட்டர் 40 சதவீதத்துக்குக் கீழே விழுந்துவிடும். பெட்டி அதே பெட்டி. எங்கே நின்று அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

இன்னொரு விஷயத்திலும் ஐரோப்பிய முறை எனக்குப் பிடிக்கும். ஒரு முழு நாளை எடுத்துக்கொண்டு, காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு என்று குழாயைத் திறந்து மூடி அளக்கிறார்கள். அமெரிக்க வெப்பத் திறன் சோதனை வேறு மாதிரி: 21 டிகிரி தண்ணீர் உள்ளே, 60 டிகிரி தண்ணீர் வெளியே, முழுத் தீ. அந்த 21 டிகிரியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: நள்ளிரவு. அதே ஹீட்டர் அறை. ஒரு சிறிய பம்ப் மெல்லிய ஓசையோடு சுழல்கிறது.]

பெரிய கட்டடங்களில் பத்தாவது மாடியில் குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் வர வேண்டும். அதற்காக வெந்நீர் நாள் முழுக்க ஒரு வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக ஹீட்டருக்கே திரும்பும். அதன் சூட்டைக் குறைக்கவும் முடியாது. லெஜியோனெல்லா என்ற கிருமி வெதுவெதுப்பான நீரில் பெருகும் என்பதால் டேங்கில் 60 டிகிரி, வளையத்தில் 50-க்குக் குறையாமல் வைக்க வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் குளிப்பதில்லை. புதுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. டேங்கின் அடிக்கு வருவது 52, 53 டிகிரியில் திரும்பும் தண்ணீர் மட்டும். அது புகையை எந்த அளவுக்குக் குளிர்விக்கும்? 55-க்குக் கீழே இறக்கப் பெரும்பாடு. ஆவி ஆவியாகவே வெளியே போகிறது. பெயர்ப் பலகையில் 95 என்று பொறித்த பெட்டி அந்த நேரத்தில் 90-க்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கும். விதியை மீறியதாகவும் சொல்ல முடியாது; சோதனை 21 டிகிரியில் அல்லவா நடந்தது?

விதி பெட்டியோடு நின்றுவிடுகிறது, குழாய்க்குள் வருவதில்லை. வளையக் குழாய்க்குக் காப்பு உறை போடுவது கட்டட விதிகளின் பாடு. பொருத்துபவர் செய்யக்கூடியதும் உண்டு: ரிட்டர்ன் லைனை டேங்கின் அடியில் இணைக்காமல் மேலே இணைத்து, அடிப்பகுதியைக் குளிர்ந்த நீருக்கே விட்டுவைப்பது. அல்லது வளையத்தின் இழப்பை ஈடுகட்டத் தனியாக ஒரு சிறிய ஹீட்டர் வைத்து, பெரிய பெட்டியைக் குளிர்ந்த நீருக்கு மட்டும் ஒதுக்கிவிடுவது. உறை போடாத ரிட்டர்ன் லைனைக் கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம். ஹீட்டர் அறைக்குள் நுழைந்ததுமே வியர்க்கும்.

உங்கள் கட்டடத்தில் இப்படிப்பட்ட ஹீட்டர் இருந்தால், வாளி ஒன்றை இந்த வெள்ளைக் குழாயின் கீழே வையுங்கள். காலை எட்டு மணி நெரிசலில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு, அடுப்பு எரியும் சத்தம் கேட்கும்போது, மறுபடி வந்து பாருங்கள்.

[காட்சி: குழாயின் நுனி. உலர்ந்திருக்கிறது. பின்னணியில் தீ எரியும் ஓசை.]