அலுவலகத்துக்கு எந்த உலாவி?

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். தணிக்கையாளர் அலுவலகம், ஒப்பந்ததாரர் அலுவலகம், நூல் வியாபாரியின் கிடங்கு என்று எங்கே போனாலும் கணினியில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இன்று பிரவுசர் எனப்படும் உலாவிக்குள்தான் நடக்கிறது. வங்கிக் கணக்கு, வரித் தாக்கல், டெண்டர், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். ஆனால் எந்த உலாவியைப் பயன்படுத்துவது என்று அலுவலகமாகக் கூடி முடிவெடுத்த இடங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த முடிவை அவரவர் பழக்கத்துக்கு விடாமல் அலுவலகமே எடுக்க வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நான் நேரில் பார்த்த ஒரு மாலையிலிருந்து தொடங்குகிறேன். அன்று மாதத்தின் 20ஆம் தேதி. ஜிஎஸ்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டியிருந்தது. அந்தக் கையொப்பம் இருக்கும் டோக்கன் யுஎஸ்பி துளையில் செருகப்பட்டிருந்தது, அதன் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் கையொப்ப மென்பொருளுடன் தொடர்பு கிடைக்கவில்லை என்றே திரை சொல்லிக்கொண்டிருந்தது. கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டிருந்தார்கள். காரணம் மிகச் சிறியது. அங்கே பணிபுரியும் பெண் முந்தின வாரம் வேறோர் உலாவிக்கு மாறியிருந்தார். கையொப்ப மென்பொருள் அதே கணினிக்குள் ஓர் உள்முகவரியில் இயங்குகிறது. அந்த முகவரியின் சான்றிதழை நம்பலாம் என்று பழைய உலாவியில் ஒருமுறை கொடுத்திருந்த அனுமதி, புதிய உலாவிக்குத் தானாக வந்து சேரவில்லை. அனுமதியைக் கொடுத்ததும் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வேலைக்கு எந்த உலாவி என்று அவருக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. நானும் சொல்லி வைக்கவில்லை.

உலாவியோடு வேலையைக் கட்டிப்போடும் இந்தச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அலுவலகங்களுக்கான தளங்கள் பலவற்றை இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மட்டும் மனத்தில் வைத்தே எழுதினார்கள். தமிழர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும். யுனிகோட் எனப்படும் ஒருங்குறி பரவுவதற்கு முன் பல தமிழ்த் தளங்கள் அந்த உலாவி மட்டுமே படிக்கக்கூடிய எழுத்துருவைத் தாங்கி வந்ததால், வேறு உலாவியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தான் தெரிந்தன. டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஜாவா செருகுநிரல், அதாவது உலாவிக்குள் செருகி இயக்கும் துணை மென்பொருள், தேவைப்பட்ட தளங்களும் அப்படியே. 2015 செப்டம்பரில் வந்த குரோம் 45 அவ்வகைச் செருகுநிரல்களை முற்றிலும் கைவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52 ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. கடைசியில் 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. பழைய தளத்தை இன்னும் நம்பியிருக்கும் அலுவலகங்களுக்காக எட்ஜ் உலாவிக்குள் ஒரு பழைய முறையை வைத்து, குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். அப்படியொரு தளம் உங்கள் வேலைக்குத் தேவை என்றால், எட்ஜில் அந்தத் தளத்துக்கு மட்டும் அம்முறையை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பழைய விண்டோஸ் கணினி ஒன்றை இணையத்தில் இணைத்தபடியே மூலையில் வைத்திருப்பது பேராபத்து.

எது வேகமானது என்றுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோ 2023இல் வெளியிட்ட உலா ஆகிய எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின்மேல் எழுந்தவை. அலுவலக வேலையில் இவற்றுக்கிடையே உணரக்கூடிய வேக வேறுபாடு அநேகமாக இல்லை. பரவலாகப் புழங்குபவற்றில் ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான் வேறு அடித்தளம் கொண்டவை. ஆகவே வேகத்தை விட்டுவிட்டு, இதைப் புதுப்பிக்கப்போவது யார், இதற்குள் சேரும் கடவுச்சொற்கள் எங்கே போகின்றன என்று கேட்க வேண்டும்.

கடவுச்சொல் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிறுவனங்களின் உள்நுழைவைப் பாதுகாத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒக்டா என்ற அமெரிக்க நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் 2023இல் திருடர்கள் புகுந்து, 134 வாடிக்கையாளர்களுக்கு உரிய கோப்புகளை எட்டிவிட்டார்கள். அந்த நிறுவனம் பின்னர் தந்த விளக்கம் நம் அனைவருக்கும் உரியது: ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியின் குரோமில் தம் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார்; அலுவலகக் கணக்கொன்றின் பெயரும் கடவுச்சொல்லும் அந்தச் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தன; அந்தக் கணக்கோ அவருடைய சொந்தக் கருவியோ களவுபோனதன் வழியாகவே இது நேர்ந்திருக்கக்கூடும். பாதுகாப்பையே விற்கும் நிறுவனத்தில் இது நடந்தது என்றால், நம் ஊரில் வாடிக்கையாளர்களின் வரிக் கடவுச்சொற்களை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் அலுவலகத்தில், “சேமிக்கவா?” என்று உலாவி கேட்கும்போதெல்லாம் “சரி” என்று அழுத்திக்கொண்டிருக்கும் தம்பியின் சொந்தக் கணக்கு வழியாக அவருடைய கைப்பேசிக்கு அவை அத்தனையும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம். அவர் வேலையை விட்டுப் போன பின்னும் அவை அங்கேயே இருக்கும்.

இதற்குத் தீர்வு உண்டு, செலவும் கிடையாது. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் நிர்வாகி தம் விதிகளை அமைத்துப் பூட்டிவைக்க முடியும். சொந்தக் கணக்கால் உலாவிக்குள் நுழைவதை நிறுத்தலாம், கடவுச்சொல் சேமிப்பை அணைக்கலாம், உலாவியோடு சேர்த்து நிறுவும் எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சிகளில் அலுவலகம் ஒப்புக்கொண்டவற்றைத் தவிர வேறெதையும் நிறுவ முடியாதபடி செய்யலாம். நீட்சிகளில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில், தரவுப் பாதுகாப்பு நிறுவனமான சைபர்ஹேவனின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததால், அதன் குரோம் நீட்சியின் நஞ்சூட்டிய பதிப்பு வழக்கமான அப்டேட்டாகவே பயனர்களின் கணினிகளுக்குள் இறங்கியது. பயனர்கள் தவறாக எதையும் அழுத்தவில்லை.

புதுப்பிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் 2023 தொடக்கத்தில் வந்த 109ஆம் பதிப்புதான். அதைத்தான் இன்னும் ஓட்டுகிறீர்கள் என்றால் உலாவியைப் பற்றி யோசிக்கும் முன் கணினியை மாற்றுங்கள். அடிக்கடி தோற்றம் மாறுவது வேலையைக் கெடுக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸின் இஎஸ்ஆர் எனப்படும் நீள்ஆதரவுப் பதிப்பு ஏற்றது. ஏறத்தாழ ஓராண்டுக்கு அதன் அமைப்பு அப்படியே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

என் பரிந்துரை இதுதான். விண்டோஸ் கணினிகள் உள்ள சிறு அலுவலகம் எட்ஜையோ குரோமையோ முதன்மை உலாவியாக வைத்துக்கொள்ளட்டும். வங்கிக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் மட்டும் என்று ஃபயர்பாக்ஸின் நீள்ஆதரவுப் பதிப்பை, நீட்சி ஒன்றும் இல்லாமல் தனியாக ஒதுக்கட்டும். அதில் வேறு எந்தத் தளத்தையும் திறக்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அடித்தளம் கொண்டவை என்பதால், ஃபயர்பாக்ஸில் அந்தத் தளங்களில் ஒன்று முரண்டு பிடித்தால் முதன்மை உலாவியில் திறந்து பார்க்கவும் வழி இருக்கும்.

முதலில் சொன்ன அந்தத் தணிக்கையாளர் அலுவலகத்தில் இப்போது எந்தத் தளத்துக்கு எந்த உலாவி என்று எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. மாதந்தோறும் 15ஆம் தேதி காலையில், முன்பு உலாவி மாறிய அதே பெண்தான் டோக்கனைச் செருகி, கையொப்பப் பெட்டியில் சான்றிதழின் பெயர் வருகிறதா என்று பார்த்து, தாளின் ஓரத்தில் தேதியைக் குறித்து வைக்கிறார். வணக்கம்.