வலது பக்க இருக்கை

நேயர்களுக்கு வணக்கம். போர் விமானம் என்றதும் குடியரசு தின அணிவகுப்பில் சீறிக்கொண்டு போகிற ஒல்லியான விமானம்தான் உங்கள் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது அந்த ரகம் இல்லை. முன்பக்கம் பெருத்து, வால்பக்கம் சிறுத்து, மூக்குக்கு மேலே எரிபொருள் வாங்கும் குழாய் ஒன்று வளைந்து நிற்கும். ஒலியின் வேகத்தைக்கூடத் தாண்டாது. பெயர் ஏ-6 இன்ட்ரூடர். அமெரிக்கக் கடற்படைக்காக க்ரம்மன் நிறுவனம் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் செய்தது. நிலவில் மனிதனை இறக்கிய அப்போலோ கலமும் அதே நிறுவனம் செய்ததுதான்.

எதற்காக இப்படி ஒரு விமானம்? கொரியப் போரில் விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் பகலில், வெயிலில் நன்றாகவே வேலை செய்தன. இருட்டினாலோ, மேகம் மூடினாலோ இலக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரி சாமான்களை நகர்த்துவது எப்போது? இருட்டில்தானே! ஆகவே மழை, மூடுபனி, அமாவாசை எதுவானாலும் கப்பல் தளத்திலிருந்து கிளம்பி, தாழப் பறந்து, குண்டைப் போட்டுவிட்டு, அதே இருட்டில் அந்தச் சின்னத் தளத்துக்கே திரும்ப வேண்டும் என்று கடற்படை கேட்டது. 1960 ஏப்ரல் 19 அன்று இன்ட்ரூடர் முதன்முதலாகப் பறந்தது. 1963இல் படையில் சேர்ந்தது.

இந்த விமானத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் எட்டு டன் குண்டு சுமக்கும், இரண்டு எஞ்சின் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. எனக்கு முக்கியம் வலது பக்க இருக்கை. இதை இந்த உரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானி இடது பக்கம். அவருக்குப் பக்கத்திலேயே, சற்றுத் தாழ்வாக, சற்றுப் பின்தள்ளி இன்னொருவர். அவர்தான் நேவிகேட்டர், குண்டுக்குக் குறிபார்ப்பவரும் அவரே. விமானத்தை ஓட்டும் கம்பு அவர் பக்கம் கிடையாது. மலைப்பாதையில் மூடுபனி இறங்கும்போது லாரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "லெஃப்ட்ல கொஞ்சம், போகலாம், போகலாம்" என்று குரல் கொடுப்பாரே கிளீனர், அந்த இடம். இங்கே அவர் வெளியே பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு ரப்பர் மூடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கருப்பாகத் தெரியும். இரும்புப் பாலம் பளிச்சென்று தெரியும். அப்படிப் பளிச்சிடும் நூறு புள்ளிகளில் நமக்கு வேண்டியது எது என்று அவர்தான் முடிவு செய்து, குறிக்கோட்டை அதன்மேல் வைக்க வேண்டும். மீதிக் கணக்கை டயேன் என்று பெயர் வைத்திருந்த கருவித் தொகுப்பின் கணினி போட்டு, எந்த நொடியில் குண்டு விழ வேண்டும் என்று தீர்மானிக்கும். சுழலும் உருளையில் நினைவகம் வைத்த அந்தக் காலத்துக் கணினி! கப்பல் தளத்தில் தடாலென்று இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் பாடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்ப வருடங்களில் அது ஒழுங்காக ஓடிய நாளைவிட மக்கர் செய்த நாள்தான் அதிகம். அப்போதெல்லாம் வலது பக்கம் இருப்பவரின் கண்தான் துணை.

எல்லாம் ஒழுங்காக ஓடிய ஓர் இரவைச் சொல்கிறேன். 1966 ஏப்ரல் 18, வட வியட்நாமின் ஊவாங் பீ மின் நிலையம். கிட்டி ஹாக் கப்பலிலிருந்து இரண்டே இரண்டு இன்ட்ரூடர்கள் இருட்டில் போய், ஆளுக்கு 13 என்று 26 குண்டுகளைப் போட்டுவிட்டு வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 கிலோ. அமெரிக்கா பி-52 ராட்சத விமானங்களை அனுப்பிவிட்டது என்றே ஹனோய் குற்றம் சாட்டியதாகச் சொல்வார்கள். இயந்திரத்தின் சாமர்த்தியத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் திரையில் பளிச்சிட்ட புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஊர், ஒரு பாலம், அதன்மேல் போன ஆட்கள். அந்தப் பக்கத்துப் பீரங்கிகளும் சும்மா இருக்கவில்லை. அந்தப் போரில் 80க்கும் மேற்பட்ட இன்ட்ரூடர்கள் திரும்பவே இல்லை.

இருட்டுக்காகச் செய்த விமானத்தைப் பட்டப்பகலில் அனுப்பிய கதையும் உண்டு. 1983 டிசம்பர் 4, லெபனான். சிரியப் படை ஒரு இன்ட்ரூடரைச் சுட்டு வீழ்த்தியது. விமானி இறந்தார். வலது பக்கம் இருந்த ராபர்ட் குட்மன் பிடிபட்டார். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் போய்ப் பேசி, ஒரு மாதம் கழித்து அவரை மீட்டு வந்தார்.

சரி, எனக்குப் பிடித்த சம்பவத்துக்கு வருகிறேன். 1991 ஜூலை 9. ஆப்ரகாம் லிங்கன் கப்பல். இன்ட்ரூடரின் இன்னொரு வடிவம், மற்ற விமானங்களுக்கு வானத்திலேயே எரிபொருள் கொடுக்கும் கேஏ-6டி. நேவிகேட்டருக்கு அன்றுதான் 26ஆவது பிறந்தநாள். வெளித் தொட்டி ஒன்றில் வால்வு சிக்கிக்கொண்டு எரிபொருள் வரவில்லை. உடல் எடை குறைந்து மிதப்பதுபோல விமானத்தை ஒரு தூக்குத் தூக்கி இறக்கினால் வால்வு விடுபடும் என்று விமானி முயன்றார். அந்த நொடியில் பெரிய சத்தம், காற்று. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இருக்க வேண்டிய முகம் இல்லை, கால்கள் மட்டும்தான் தெரிகின்றன! ஆபத்தில் ஆளை வெளியே தூக்கி எறியும் இருக்கை பாதி மட்டும் கிளம்பி, கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவரை இடுப்புவரை வெளியே நிறுத்திவிட்டது. ஹெல்மெட் பறந்துபோயிற்று. பாராசூட் விரிந்து வாலில் போய்ச் சுற்றிக்கொண்டது. கால்கள் உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று விமானிக்குத் தெரிந்தது.

அதிகம் பேசாமல் வேகத்தைக் குறைத்து நேராகக் கப்பலுக்குத் திரும்பினார். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கப்பலில் இறங்குவது என்றால், வாலில் உள்ள கொக்கி கம்பியில் மாட்டி, ஓடிவரும் விமானத்தை இரண்டே நொடியில் பிடித்து நிறுத்துவது. வெளியே தொங்குகிறவர் முன்னால் தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டும். வாலில் சுற்றிய அதே பாராசூட் கயிறுகள் அவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக் காப்பாற்றின. தோளில் பலத்த காயம். ஆனால் பிழைத்தார், பிறகு மறுபடியும் பறந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. கடைசியில் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ட்ரூடருக்கு மாற்றாக வரவேண்டிய ஏ-12 திட்டத்தை 1991 ஜனவரியில் பாதுகாப்புச் செயலர் டிக் செனி ரத்து செய்தார். 1996இல் கூட்டுப் பயிற்சியின்போது ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று தவறுதலாக ஓர் இன்ட்ரூடரைச் சுட்டுவிட்டது, நல்லவேளை இருவரும் பிழைத்தார்கள். 1997இல் கடற்படை இந்த விமானத்தை ஓய்வுக்கு அனுப்பியது. பழைய கூடுகள் சிலவற்றை மீன்கள் அண்டட்டும் என்று ஃபுளோரிடா கடலில் இறக்கிவிட்டார்கள். இதன் உறவான நான்கு இருக்கை ப்ரௌலர் மட்டும், எதிரி ரேடார்களைக் குழப்பும் வேலையில் 2019 வரை இருந்தது. அதில் ஓட்டுபவர் ஒருவர், மின்னணுக் கருவிகளோடு மல்லுக்கட்டுபவர்கள் மூன்று பேர். அது தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். நன்றி, வணக்கம்.