கடல் கடந்த மன்னரும் பெட்ஃபோர்டு சிறையும்

அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்த நூலகர் அம்மா அவர்களே, எனக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

உள்நாட்டுப் போரில் மன்னரை இழந்து, சில ஆண்டுகள் குடியரசாயிருந்து, முடியாட்சி மீண்ட இங்கிலாந்தில் அரசியல், சமயம், கலை மூன்றும் எப்படி மாறின என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். ‘ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்’ என்பார் எங்கள் ஆச்சி. அயல்நாட்டில் தஞ்சமிருந்து மீண்ட மன்னர் இரண்டாம் சார்லஸ் கடந்தது கடல். நாட்டின் அமைதியைக் குலைக்காத எவரையும் சமயக் கருத்துக்காக வருத்துவதில்லை என்று 1660 ஏப்ரலில் நெதர்லாந்தின் பிரேடா நகரிலிருந்து எழுதிக் கொடுத்தவர், மே 29 அன்று, தம் முப்பதாவது பிறந்தநாளில், லண்டனுக்குள் நுழைந்தார். ஆனால் எல்லாக் குருமாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரே வழிபாட்டு நூலை ஏற்க வேண்டும் என்று 1662இல் வந்த ஒருமைச் சட்டத்தையொட்டிப் பதவியிழந்த குருமார் ஏறத்தாழ 2,000 பேர். இதில் மன்னரைவிட நாடாளுமன்றத்தின் பிடிவாதமே பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1642 முதல் பூட்டிக் கிடந்த நாடக அரங்குகள் திறந்தன, பெண்களே பெண் வேடம் ஏற்றனர்.

ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் ஜான் பனியன், உரிமமின்றிப் பிரசங்கம் செய்தார் என்று 1660 நவம்பரில் பிடிபட்டார். செய்தி கேட்ட அதிர்ச்சியில் நிறைமாதத்துக்கு முன்பே வலி கண்டு, பெற்ற பிள்ளையை இழந்தார் மனைவி எலிசபெத். மறு ஆண்டு, மூத்த தாரத்துப் பிள்ளைகள் நால்வரையும், அதில் ஒன்று பார்வையற்ற பெண், சொல்லிச் சொல்லி நீதிபதிகள் முன் நின்று மன்றாடினார். பிரசங்கத்தை விட்டுவிடுவாரா என்று கேட்டார்கள். பேச நாவிருக்கும்வரை விடத் துணியமாட்டார் என்றார் அந்த அம்மாள். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மனமிரங்கி, மேல்முறையீட்டுக்கு வழி சொன்னார், விடுதலைதான் கிடைக்கவில்லை. கணவரோ பெட்ஃபோர்டு சிறைக்குள் நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார், வேதப் புத்தகத்தைப் படித்தார், எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள்! ஆறு கடந்தவர்கள் அவரை மறந்தே போனார்கள்.

பனியன் பின்னர் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்ற பயணக் கதைதான், நம் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாயிற்று. அந்தச் சிறைக்குள் புத்தகம் ஒன்றும் போகவில்லையென்றால் இந்தத் தமிழ் நமக்கு ஏது? நம் ஊரிலும் மத்தியச் சிறை இருக்கிறது. அங்குள்ளவர்கள் படிப்பதற்காக வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். மனு எழுதுவதற்கும் மடல் எழுதுவதற்கும் உதவும் எளிய அகராதிகளே முதலில் தேவை. பழைய பிரதியானாலும் பக்கம் கிழியாமல் கொண்டுவாருங்கள்.